பாதி டீசல், பாதி இறக்கம்

கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராதவர்கள் பின்னால் உரிமை கோர முடியாது. தபால் முத்திரையைப் பார்த்தேன். அனுப்பிய நாளுக்கும் கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் ஒரு வாரம். அந்த ஒரு வாரம் கடிதம் எங்கே கிடந்தது என்று தபால்காரரிடம் கேட்டதற்கு, மலை ஏறி வர வேண்டாமா சார் என்றார்.

கடிதம் என் மனைவிக்கு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் பதிந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டிய வருஷங்களில் ஒரு நாள்கூடப் பிந்தாமல் புதுப்பித்திருந்தாள். அந்தப் பதினொரு வருஷமும் கொடைக்கானல் டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தாள். பேத்துப்பாறையில் எங்கள் தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. அரசுப் பள்ளி வேலை பதிவு மூப்புப்படி வரும், வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது என்று வருஷா வருஷம் யாராவது சொல்வார்கள். இப்போது வரிசை அவளிடம் வந்திருந்தது. புதன்கிழமை பத்து மணிக்கு அவள் அங்கே இல்லையென்றால் அவளைத் தாண்டிப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் மலை இறங்கி, திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் தங்கிவிடலாம் என்று அவள் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். வீட்டில் ஜீப் இருக்கும்போது எதற்கு அடுத்தவர் வீட்டில் போய்ப் படுக்க வேண்டும்? காலை நாலரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத் திண்டுக்கல். பேட்டரியை மட்டும் மாற்றிவிட வேண்டும். அதை நாளைக்கே செய்துவிடலாம் என்றேன். அவள் இரண்டாவது தடவை சொல்லவில்லை. அவள் அப்படித்தான்; ஒரு தடவை சொல்வாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காப்பித் தோட்டத்தில் உழைத்துக் களைத்த டீசல் ஜீப்பை நான் வாங்கியபோதே அதன் பேட்டரி பாதி உயிரோடுதான் இருந்தது. பிறகு அந்தப் பாதியும் போனது. அதனால் எனக்கு ஒரு சிரமமும் ஏற்படவில்லை. எங்கள் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் செல்ஃப் போட்டு வண்டியைக் கிளப்புவதில்லை. இறக்கத்தில் மூக்கைக் கீழே பார்த்து நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். எந்தக் கல் யாருடையது என்று ஊருக்குத் தெரியும். அடுத்தவர் கல்லை எடுத்தால் சண்டை வரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. டவுனிலிருந்து ஊர் வரைக்கும் முழுக்க இறக்கம். கடைசி டீக்கடையைத் தாண்டியதும் என்ஜினை அணைத்துவிட்டுச் சும்மாவே உருண்டு வருவோம். டீசல் மிச்சம். பிரேக் இருந்தால் போதும். இது ஆபத்து என்று நானே என் பத்திரிகையில் ஒரு விபத்துச் செய்தியின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறேன். எழுதி அனுப்பிவிட்டு அப்படித்தான் வீட்டுக்கு உருண்டு வந்தேன்.

ஆனால் திண்டுக்கல் சமவெளி. அங்கே ஒரு முச்சந்தியில் வண்டி நின்றுவிட்டால் கல்லும் இறக்கமும் கிடையாது. பட்டுச்சேலை கட்டிய மனைவியை இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்ல முடியாது. எனவே புது பேட்டரி.

நான் நாளிதழ் நிருபர். மண்சரிவு, யானை, மலர்க் கண்காட்சி, தண்ணீர் வராத குழாய் இவற்றைப் பத்து வரியில் எழுதுவது என் வேலை. யாரிடம் போனாலும் கேள்விகளை முன்கூட்டி எழுதிக்கொண்டு போவேன். பேட்டரிக் கடைக்கும் அப்படியே போனேன். எத்தனை பிளேட், எந்த மாதம் செய்தது, ஆசிட்டின் அடர்த்தி, வாரண்டி எத்தனை மாதம், குளிரில் தாங்குமா. ஐந்து கேள்விகள். மனைவியும் கூட வந்தாள்; சான்றிதழ் நகல்களில் அதிகாரியின் கையொப்பம் வாங்க அவளுக்கு டவுனில் வேலை இருந்தது, அதை முடித்துவிட்டு ஃபைலோடு கடைக்கு வந்து நின்றாள்.

அது மின்வெட்டுக் காலம். கடை இருட்டாக இருந்தது. கடைக்காரர் டார்ச் அடித்து மூன்று பேட்டரிகளைக் காட்டினார்.

முதலாவது, தண்ணீர் ஊற்றவே தேவையில்லாத, மூடி முத்திரை வைத்த பேட்டரி. பளபளவென்று இருந்தது. ஜீப்பில் பேட்டரி வைக்கும் தட்டில் உட்காரவில்லை. முனைகள் இடம் மாறி இருந்ததால் கேபிளும் எட்டவில்லை. இரண்டாவது, விலை குறைவு. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு தாள் இருந்தது, அதில் வேறொரு கம்பெனியின் பெயர். பழைய பெட்டிக்குப் புதுச் சட்டை. கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், அது டிராக்டர்காரங்களுக்கு வச்சிருக்கேன் சார், உங்களுக்கு இல்லை என்றார். என் முன்னால்தான் அதை எடுத்து வைத்திருந்தார்.

அந்தக் கணத்தில் என் மேல் எனக்கு ஒரு பெருமை வந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவன் அடுத்த பொய்யையும் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்துக்கொள்கிறான்.

மூன்றாவது, பதின்மூன்று பிளேட். காலியாக வந்து, விற்கும் அன்று ஆசிட் ஊற்றித் தரும் வகை. மேலே குத்தியிருந்த எண்ணை வைத்துச் செய்த மாதத்தைக் கணக்கிட்டேன். நாலு மாதத்துச் சரக்கு. வாரண்டி பதினெட்டு மாதம். குளிரில் தாங்கும் என்றார். ஆசிட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு அறையிலும் விட்டு உறிஞ்சிக் காட்டினார். ஆறு அறைகளிலும் குழாய்க்குள்ளிருந்த மிதவை பச்சைக் கோட்டில் நின்றது; அடர்த்தி சரி. என் ஐந்து கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள். "காலையில இருந்து கரண்டே இல்லையே. இத எதுலங்க சார்ஜ் போட்டாங்க?"

கேள்வி கடைக்காரரைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. பதில் நான் சொன்னேன். பெட்டியில் ட்ரை சார்ஜ் என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, சார்ஜ் ஏற்றித்தான் கம்பெனியிலிருந்து வருகிறது, ஆசிட் ஊற்றினால் போதும், மிதவையைப் பார்த்தாய் அல்லவா என்றேன். கடைக்காரர் தலையைக் குனிந்து வாரண்டி அட்டையில் கடை முத்திரையைக் குத்தினார். நாளைக்கு எங்கே பயணம் என்று கேட்டார். திண்டுக்கல் என்றேன். நல்லது சார், ஓட ஓட ஏறிக்கும் என்றார். அதை நான் வாழ்த்து என்று நினைத்தேன்.

பேட்டரியை அவரே பொருத்தினார். பொருத்திக்கொண்டே, பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் வெளிநாட்டுக் காரைப் பற்றி எங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் பற்றிப் பேசினார். அந்தக் கார் பழசாகிப் பேட்டரி போனால் என்ன செய்வார்கள், எதைப் பார்த்து வாங்குவார்கள் என்று எழுதவில்லையே என்றார். பிறகு, "உங்க ஜீப்பு மட்டும் என்ன சார், அதே ரகந்தான். பாதி டீசல், பாதி இறக்கம்" என்றார். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். செல்ஃப் போட்டேன். ஒரே உறுமலில் என்ஜின் பிடித்தது.

திரும்பும்போது பனிமூட்டம். கடைசி டீக்கடையைத் தாண்டியதும் என் கை என்ஜினை அணைத்தது. யோசித்துச் செய்ததல்ல; வருஷக்கணக்கில் அந்த இடத்தில் அந்தக் கை அதைத்தான் செய்கிறது. ஹெட்லைட் இரண்டும் எரிய, வைப்பர் ஓட, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, என்ஜின் இல்லாமல் ஊர் வரைக்கும் உருண்டு வந்தோம்.

ஊருக்கு வந்து வழக்கமான இறக்கத்தில் நிறுத்தவில்லை. எங்கள் முற்றம் ரோட்டை விடப் பள்ளம். ஒரு மண் சரிவு வழியாக இறங்க வேண்டும். புது பேட்டரி வாங்கியவன் ரோட்டில் கல் வைத்துக்கொண்டு நிற்பானா? முதல்முறையாக ஜீப்பை முற்றத்தில் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அவர் மனைவியும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கேரட் தோட்டங்களில் தினக்கூலி. என்ன அண்ணே வண்டியக் குழியில எறக்கிட்டீங்க என்று கேட்டார். புது பேட்டரி என்றேன். அவர் பேட்டரியைப் பார்க்கவில்லை, மண் சரிவைப் பார்த்தார்.

புதன்கிழமை நாலரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் அரைச் சுற்றுச் சுற்றியது. நின்றது. மறுபடி திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டில் இருந்த சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. மூன்றாவது தடவை அந்த டக்கும் வரவில்லை.

மனைவி ஃபைலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் கணக்குப் போட்டேன். முதல் பஸ் ஆறரைக்கு. டவுன் போய் மாறித் திண்டுக்கல் சேர பதினொன்று தாண்டிவிடும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் மனைவியும் வந்தார். தோட்டத்தில் ஆள் எண்ணும் நேரத்தை அவர்கள் இன்னும் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். பெரட்டுக்கு நேரமிருக்கு, தள்ளுவோம் என்றார்கள். ரோட்டுக்கு ஏற்றிவிட்டால் போதும், அதற்கு அப்புறம் இறக்கம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் மூவரும் தள்ளினோம். பனியில் மண் சரிவு சோப்புப் போல இருந்தது. முன் சக்கரம் பாதி ஏறும், வழுக்கித் திரும்பும். என் மனைவி ஃபைலைப் படியில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து தோள் கொடுத்தாள். நாலு பேரும் தள்ளினோம். பாதி ஏறியது. திரும்பவும் வந்தது. அவள் சேலைக் கரையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு.

"புது பேட்டரின்னீங்க அண்ணே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு. "செத்த பேட்டரி இருந்தப்ப ஒருநாளும் நிக்கலையே."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

ஐந்து மணிக்கு முன்னால், பள்ளங்கியிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிய பிக்கப் ரோட்டில் வந்தது. கை காட்டி நிறுத்தினேன். வயர் போட்டு அவர் பேட்டரியிலிருந்து என் வண்டியைக் கிளப்பலாம் என்றேன். டிரைவரிடம் வயர் இல்லை. யாரிடமும் இல்லை. எங்கள் பக்கம் யாரும் அந்த வயரை வாங்கியதில்லை. அதற்குத்தான் இறக்கம் இருக்கிறதே. கயிறு கட்டி இழுக்கச் சொன்னேன். இந்த லோடோடு இந்தச் சேற்றில் இழுத்தால் என் வண்டியும் உள்ளே வந்துவிடும் என்றார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். வண்டியைக் கிளப்புவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் மனைவி என்னைத் தாண்டிப் போய் டிரைவரிடம் கேட்டாள். "தம்பி, ஒட்டன்சத்திரத்துக்கு எத்தன மணிக்குப் போவீங்க?"

"எட்டுக்கெல்லாம் போயிருவோம்க்கா. மார்க்கெட்டுல வெரசா எறக்கணும்."

அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ். அவள் ஃபைலை எடுத்து வந்தாள். முன் சீட்டில் கேரட்டுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். வயசானவர். விஷயத்தைக் கேட்டவர் இறங்கி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பின்னால் ஏறி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார். அவள் முன் சீட்டில் ஏறினாள். கியர் ராடு இருக்கு, காலைப் பாத்து வையுங்கக்கா என்று டிரைவர் சொன்னது கேட்டது. நான் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். இடமில்லை. பழனி மலைப்பாதைக்குப் போகும் திருப்பத்தில் பின்விளக்கு மறையும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளிடம் செல்போன் கிடையாது. போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பது சாயங்காலம் வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

பேட்டரியைக் கழற்றினேன். ஆறரைப் பஸ்ஸில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். கண்டக்டர் ஆசிட் என்று முணுமுணுத்தார். வளைவுகளில் அது சாய்ந்து சிந்தி, என் பேண்ட்டில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது. கடை திறக்கும் வரை வாசலிலேயே நின்றேன். அந்த இரண்டரை மணி நேரத்தில் தலைப்பையும் செய்தியையும் மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். மின்வெட்டைப் பயன்படுத்தி சார்ஜ் ஏற்றாத பேட்டரிகள் விற்பனை. வாடிக்கையாளர்கள் அவதி. பெயர் போடுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் பாக்கி.

கடைக்காரர் வந்தார். பேட்டரியை அவர் மேஜையில் இறக்கினேன். மேஜையும் கெட்டுப் போகட்டும் என்று இருந்தது. அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். எங்கே நிறுத்தினீர்கள், லைட் போட்டு உருட்டிக்கொண்டு போனீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ஜின் ஓடாதபோது லைட் இருக்கிற சார்ஜையும் குடித்துவிடும். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி என்னைக் கொதிக்க வைத்தது. குற்றத்தில் பாதியை இறக்கி வைக்க அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆசிட் ஊற்றியதும் பச்சைக் கோட்டில்தான் மிதவை நிற்கும். அது ஆசிட்டின் புதுமை, அதை வைத்துப் பேட்டரியின் பலத்தைச் சொல்ல முடியாது. ஆசிட் ஊற்றிய பிறகும் மணிக்கணக்கில் சார்ஜ் போட வேண்டும். இதையெல்லாம் அவரே வரிசையாகச் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வீட்டம்மா கேட்டாங்க சார். சரியான கேள்விதான் கேட்டாங்க. பதில் நீங்க சொன்னீங்க, நான் சொல்லலை. பத்திரிகைக்காரரு சொல்றாரு, குறுக்க நான் என்னத்தப் பேச?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொன்ன அதிகாரிகள், காண்டிராக்டர்கள், கவுன்சிலர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். அந்தச் சாக்கைக் கேட்டாலே எனக்கு அருவருப்பு. ஆனால் இங்கே கேள்வி கேட்கப்பட்டிருந்தது. அவர் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்காக நானே அதைச் சொல்லியிருந்தேன், இலவசமாக, பெட்டியில் இருந்த அச்சைச் சுட்டிக்காட்டி.

அவர் அயோக்கியர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை நான் எழுதவில்லை. எழுதினால் அதில் ‘வாடிக்கையாளரின் மனைவி கேட்ட கேள்விக்கு’ என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அதை முடிக்கத் துணிச்சல் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு எழுதினால் நானும் தாள் மேல் தாள் ஒட்டியவன்தான். பேட்டரியைச் சார்ஜில் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பக்கத்து வீட்டம்மாவும் தோட்டத்திலிருந்து வந்து நின்றார். பஸ் வந்தது. இறங்கிய என் மனைவியிடம் அவர்தான் முதலில் கேட்டார், டீச்சர், போன சோலி என்னாச்சு என்று. என் மனைவி அவரிடம்தான் சொன்னாள். ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டாள். மூன்றாவதாகப் பெயர் கூப்பிட்டார்கள். ஒரு சான்றிதழில் இனிஷியல் மாறி இருந்தது, விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள், ஏற்றுக்கொண்டார்கள். ஆணை தபாலில் வரும். பக்கத்து வீட்டம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் ஒரு அடி தள்ளி நின்று, எனக்குத் தெரிய வேண்டிய செய்தியை அடுத்தவரோடு சேர்ந்து கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்காரரைப் பற்றி ஆரம்பித்தேன். மிதவை, ஆசிட், தெரிந்தே ஏமாற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். சேலையில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. அதோடுதான் பகல் முழுக்க அந்த அலுவலகத்தில் நின்றிருக்கிறாள்.

"உங்களுக்குக் கடைக்காரர் மேல கோவம்" என்றாள். "எனக்கு அவர் மேல ஒண்ணும் இல்லைங்க."

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அங்க வந்தவங்க எல்லாம் புருஷனோட, அப்பாவோட வந்திருந்தாங்க. ஆபீசர் இவங்களப் பாத்துக் கேப்பாரு, பதிலு கூட வந்தவங்க சொல்லுவாங்க. எம்பக்கத்துல யாரும் இல்ல. இனிஷியல் ஏன் மாறியிருக்குன்னு கேட்டாரு, நானே சொன்னேன்." தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

எழுந்தாள். ஃபைலை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. தானே கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சேலையை நனைக்கப் போனாள்.